அடையாற்றங்கரையின் வெள்ளச் சேதக் கணக்கு

பெருமழையால் நகரத்துக்குள் புகும் வெள்ளம் எவ்வளவு நட்டத்தை உண்டாக்குகிறது என்ற கேள்விக்கு, கணக்கிடுபவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையும் அதன் சுற்றுவட்டாரமும் மூழ்கிய பிறகு, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சுவிஸ் ரீ என்ற மீள்காப்பீட்டு நிறுவனம், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு வழங்கும் நிறுவனம், மொத்தப் பொருளாதார இழப்பைக் குறைந்தது 220 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அன்றைய நாணய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ 14,500 கோடி ரூபாய். அசோசாம் என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பு, இழப்பு 15,000 கோடி ரூபாயைத் தாண்டக்கூடும் என்றது. நிவாரணத்துக்கும் சீரமைப்புக்குமாகத் தமிழ்நாடு அரசு மத்திய அரசிடம் கேட்ட தொகையோ ஏறத்தாழ 25,900 கோடி ரூபாய். டிசம்பர் 3 அன்று வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட்ட பிரதமர், ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்த 940 கோடிக்கு மேல் 1,000 கோடி ரூபாயை அறிவித்தார். இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதற்குக் கூட்டல் கழித்தல் பிழை காரணமன்று. மீள்காப்பீட்டு நிறுவனம் சொத்துகளின் மதிப்பைப் பார்க்கிறது. தொழில் அமைப்பு நின்றுபோன உற்பத்தியைப் பார்க்கிறது. மாநில அரசு சாலையும் பாலமும் மின்மாற்றியும் திரும்ப அமைக்க ஆகும் செலவைப் பார்க்கிறது. மத்திய அரசு பேரிடர் நிதியின் விதிகள் எவ்வளவை அனுமதிக்கின்றன என்று பார்க்கிறது.

சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையோரம் குடியிருந்த ஒரு கட்டடத் தொழிலாளியின் குடும்பம் அந்த டிசம்பரில் இழந்தவற்றில் பெரும்பகுதி இந்த நான்கு கணக்குகளில் எதிலும் ஏறவில்லை. வெள்ளச் சேதத்தை மதிப்பிடும் முறைகள் விலைச்சீட்டு உள்ள பொருளை எளிதாகவும், வேலையற்றுப்போன நாளை அரைகுறையாகவும் கணக்கில் கொள்கின்றன; வெள்ளத்தைக் காரணம் காட்டி ஊரைவிட்டே அனுப்பப்படுவதை அவை இழப்பாகவே கருதுவதில்லை. சேதத்தின் அளவை வைத்தே தடுப்புப் பணிகளுக்கான பணம் எங்கே செலவாக வேண்டும் என்பது முடிவாவதால், கணக்கில் விடுபடுகிறவர்கள் பாதுகாப்பிலும் விடுபடுகிறார்கள்.

சைதாப்பேட்டை ஆற்றை ஒட்டி வளர்ந்த ஊர். சென்னைக்குத் தெற்கேயிருந்து வரும் பெருஞ்சாலை அடையாற்றைக் கடக்கும் இடம் இதுவாகையால், 1726ஆம் ஆண்டிலேயே கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பணத்தில் இங்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல், அதைப் பராமரிக்கவும் தனியே ஒரு தொகையை ஒதுக்கி வைத்தார் என்பது இன்றைய மழைநீர் வடிகால் திட்டங்களை வகுப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அந்தப் பழைய பாலம் இருந்த இடத்தில் 1960களில் எழுந்ததுதான் இன்றைய மறைமலை அடிகள் பாலம். அதன் வடகரையில் சைதாப்பேட்டையின் கடைத்தெருவும் நீதிமன்றமும் ரயில் நிலையமும், அவற்றுக்கும் ஆற்றுக்கும் இடையே பல தலைமுறைகளாக நெருங்கி எழுந்த குடியிருப்புகளும் இருக்கின்றன. காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிவரும் அடையாறு, விமான நிலையத்தையும் ஈக்காட்டுத்தாங்கலையும் கடந்து இங்கே வரும்போது, இரு பக்கமும் கட்டடங்கள் நெருக்க, தன் பழைய அகலத்தை இழந்த நிலையில்தான் வருகிறது. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை ஆற்றின்மேலேயே பாலமிட்டு நீட்டப்பட்டிருக்கிறது. 2015இல் அந்த விமான நிலையம் வெள்ளம் புகுந்து சில நாள்கள் மூடப்பட்டுக் கிடந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. நகரின் ஓராண்டுச் சராசரியே ஏறத்தாழ 140 சென்டிமீட்டர்தான். ஏரிகள் நிரம்பி, நிலம் ஊறிப்போய், இனி ஒரு துளியையும் உறிஞ்ச இடமில்லாத நிலையில், டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடி வரை உயர்ந்தது. ஒரு கன அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட பெட்டியில் அடங்கும் நீர், அதாவது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். 29,000 கன அடி என்றால் நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். கோடைக்காலத்தில் சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏறத்தாழ 68 லாரிகள் ஒவ்வொரு நொடியும் கவிழ்க்கப்படுவதற்கு ஒப்பான அளவு. அந்த நீரோடு, ஏரிக்குக் கீழே உள்ள பரப்பில் பெய்த மழை முழுவதும் சேர்ந்து அடையாற்றில் இறங்கியது. இந்த வெள்ளத்தை ஆராய்ந்து 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஏரியின் நீர் வெளியேற்றம் கையாளப்பட்ட விதத்தைக் கடுமையாகக் குறைகூறி, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது. 289 பேர் உயிரிழந்தனர் என்றும், 23.25 லட்சம் வீடுகளில் நீர் புகுந்தது என்றும் அதே அறிக்கை பதிவு செய்கிறது.

ஆறு கரைபுரண்டால் ஆற்றோரத்துக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணுவது தவறு. தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் சைதாப்பேட்டையின் வடக்குப் பகுதியும், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பழைய நெடிய ஏரியின் படுகையிலும் அதன் ஓரங்களிலும் அமைந்தவை. 1920களில் அந்த ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. ஏரி போன பின்னும் அதன் பள்ளம் போகவில்லை. அப்பள்ளத்தில் சேரும் மழைநீரை நந்தனம் பக்கமாக அடையாற்றுக்குக் கொண்டுசெல்வது மாம்பலம் கால்வாய். ஆற்றின் மட்டம் கால்வாய் முகத்தைவிட உயர்ந்துவிட்டால் நீர் வெளியேற முடியாமல் தேங்கும். இன்னும் உயர்ந்தால் ஆற்று நீரே கால்வாய் வழியாகத் தெருக்களுக்குள் திரும்பி ஏறும். கடலில் ஓதம் ஏறியிருந்தாலோ, முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தாலோ இந்நிலை நீடிக்கும். 2021 நவம்பரில் ஆறு பெருக்கெடுக்காத போதே தியாகராய நகர் நாள்கணக்கில் நீரில் நின்றதற்கு, கால்வாயில் நடந்த கட்டுமானப் பணியும் அதன் இடிபாடுகளும் நீரோட்டத்தைத் தடுத்ததே காரணம் என்று பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. நகரவெள்ளத்தின் விலையில் ஒரு பகுதி இவ்வாறு பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஏரியை மனையாக்கி விற்ற காலத்திலேயே, பின்னால் வருபவர்களின் பெயரில் எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

வெள்ள இழப்பை ஆய்வாளர்கள் முதலில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். நீர் தொட்டதால் கெட்டவை நேரடிச் சேதம். அச்சேதத்தின் தொடர்ச்சியாக நின்றுபோன வேலை, வியாபாரம், போக்குவரத்து ஆகியவற்றால் வருவது மறைமுக இழப்பு. நேரடிச் சேதத்தை அளக்கும் முறைக்கு அடித்தளமிட்ட நூல்களில் ஒன்று, இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட, அட்டையின் நிறத்தால் நீலக் கையேடு என்று பெயர்பெற்ற நூல். ஒரு வீட்டுக்குள் எத்தனை அடி நீர் ஏறினால் எவ்வளவு பணத்துக்குச் சேதம் என்பதை வீட்டின் வகைவாரியாக அது அட்டவணைப்படுத்தியது. இந்த ஆழ–சேத வளைகோடு, அதாவது நீர்மட்டத்தையும் சேதத்தின் மதிப்பையும் இணைத்துக் காட்டும் கோடு, இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

அந்த வளைகோட்டை ஆற்றோரத்து ஒற்றை அறை வீடு ஒன்றுக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் பலமும் குறையும் ஒருங்கே தெரியும். முழங்காலளவு நீரில் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசரும் கிரைண்டரின் மோட்டாரும் சலவை இயந்திரமும் மூழ்கிவிடுகின்றன. பஞ்சு மெத்தை நீரையும் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு தூக்க முடியாத கனமாகிறது. பிளைவுட் அலமாரி ஒரே நாளில் உப்பி, அடித்தட்டு பிரிந்து, கதவு மூடாமல் நிற்கிறது. அரிசி டிரம்மும் பருப்பு டப்பாவும் மிதந்து கவிழ்கின்றன. இடுப்பளவு நீரில் தொலைக்காட்சியும் தையல் இயந்திரமும் போகின்றன. தலைக்கு மேல் நீர் ஏறும்போது பரணில் வைத்த டிரங்குப் பெட்டியும், அதனுள் இருக்கும் ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், அடகுக் கடை ரசீது ஆகியவையும் சேற்றில் கரைகின்றன. வளைகோடு இவை எல்லாவற்றுக்கும் தேய்மானம் கழித்த சந்தை விலையைப் போடும். மூன்றாம் கைக்கு வந்த குளிர்சாதனப் பெட்டிக்கும் தவணை இன்னும் முடியாத தையல் இயந்திரத்துக்கும் சந்தை விலை மிகக் குறைவு. அந்தத் தையல் இயந்திரத்தை நம்பி ஓடிய குடும்பத்துக்கோ அதுவே மூலதனம். ஆகவே இத்தகைய நூறு வீடுகளின் நேரடிச் சேதம், அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் மூழ்கிய சில கார்களின் மதிப்புக்கு ஈடாகாமல் போகிறது. சான்றிதழ்களுக்கு வளைகோட்டில் இடமே இல்லை. 2015இல் அரசு, தொலைந்த ஆவணங்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் வழங்கச் சிறப்பு முகாம்களை நடத்தியதும், மாணவர்களுக்குப் பாடநூல்களை மறுபடி வழங்கி அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளிவைத்ததும் மிகச் சரியான செயல்கள். அந்த இழப்பின் பெருக்கத்தை நிர்வாகம் உணர்ந்திருந்தது என்பதற்கு அவையே சான்று.

காப்பீட்டுக் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். சுவிஸ் ரீயின் மதிப்பீட்டில், 220 கோடி டாலர் இழப்பில் காப்பீடு செய்யப்பட்டிருந்தது ஏறத்தாழ 75 கோடி டாலர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. இந்திய அளவில் இது மிக உயர்ந்த விகிதம். சென்னையில் கார்களும் தொழிற்சாலைகளும் நிறைந்திருப்பதே அதற்குக் காரணம். இந்த மூன்றில் ஒரு பங்கு எல்லாரிடமும் சமமாகப் பரவியதும் அன்று. வாகனக் காப்பீட்டில் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் தராது. விரிவான காப்பீடு எடுத்தவருக்கே இழப்பீடு உண்டு. அவருக்கும், நீரில் நிற்கும் வண்டியைச் சாவி திருப்பி இயக்கிப் பார்த்து இன்ஜினுக்குள் நீர் ஏறிக் கெட்டுவிட்டால், அது வெள்ளத்தின் நேரடி விளைவன்று என்று கூறி, தனியே இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்காதவர்களின் கோரிக்கை மறுக்கப்படக்கூடும். கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்கு வேறொரு சிக்கல். வங்கிக் கடனுக்காக எந்திரங்களைக் காப்பீடு செய்யும்போது பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைப் பாதியாகக் காட்டுவது உண்டு. 20 லட்சம் ரூபாய் எந்திரத்தை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு 6 லட்சம் ரூபாய் சேதம் நேர்ந்தால், விகிதாசார விதிப்படி அதில் பாதியாகிய 3 லட்சமே கிடைக்கும். வங்கிக் கடனே இல்லாத, பதிவும் இல்லாத லேத் பட்டறைக்கும் சலவைக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் காப்பீடு என்ற பேச்சே எழுவதில்லை.

மறைமுக இழப்பு தொடங்குமிடம் மறைமலை அடிகள் பாலம். டிசம்பர் 2 அன்று ஆறு பாலத்தை நெருங்கி உயர்ந்ததால் அதன்மேல் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, அண்ணா சாலை கிண்டிப் பக்கமும் நகரப் பக்கமுமாக இரண்டாக அறுந்தது. புறநகர் ரயில்களும் நின்றன. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் வந்து வேலை செய்பவர்களுக்கும், நகருக்குள்ளிருந்து தெற்கே தொழிற்சாலைகளுக்குச் செல்பவர்களுக்கும் ஒரே நாளில் வழி அடைபட்டது. தி இந்து நாளிதழ் 1878இல் தொடங்கப்பட்ட பிறகு முதன்முறையாக அன்று சென்னைப் பதிப்பை அச்சிட முடியாமல் போனதற்கு, ஊழியர்கள் அச்சகத்துக்குச் சென்றடைய இயலாததே காரணம். மாதச் சம்பளக்காரருக்கு இந்நாள்கள் விடுப்பில் கழிந்தன அல்லது சம்பளத்தோடு மன்னிக்கப்பட்டன. சித்தாளுக்கும் கொத்தனாருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் கூடை வைத்துப் பூவும் காயும் விற்பவருக்கும், வேலை இல்லாத நாள் என்பது கூலி இல்லாத நாள். நீர் வடிந்தபின் சேற்றை வாரி வெளியே போடவும், ஆவண முகாமில் வரிசையில் நிற்கவும், காய்ச்சலில் விழுந்த பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் இன்னும் பல நாள்கள் போயின. அந்த நாள்களில் அடுப்பெரிய வேண்டுமானால் கைமாற்றோ, அடகோ, கந்துவட்டியோதான் வழி. பால் பாக்கெட்டும் குடிநீர் கேனும் பல மடங்கு விலைக்கு விற்ற வாரத்தில் வாங்கிய கடன் அது. ஆட்டோ மூழ்கியவருக்கு வருமானம் நின்றது, தவணை நிற்கவில்லை. அழிந்த பொருளை மட்டும் எண்ணும் கணக்கு முடிந்த பிறகும், வட்டியாகத் தொடர்ந்து வளரும் இந்தச் செலவை எந்தக் கணக்கெடுப்பாளரும் கேட்டு எழுதிக்கொண்டதில்லை.

தெருக்களில் மலைபோல் குவிந்த ஊறிய மெத்தைகளையும் அழுகிய பொருள்களையும் அகற்ற வெளிமாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் லாரிகளில் கொண்டுவரப்பட்டார்கள். நகரம் சில வாரங்களில் எழுந்து நின்றதற்கு அவர்களே முதற்காரணம். சேதக் கணக்கில் அப்பணி டன் கணக்கான குப்பையாகவும் லாரி வாடகையாகவும் பதிவாகிறது. கையுறையும் காலணியும் சரிவர இல்லாமல் அழுகலில் நின்ற உடல்களுக்கு நேர்ந்தது பதிவாகவில்லை.

ஒரு ரூபாயின் இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவு இழப்பா என்ற கேள்வியை உலக வங்கியின் பொருளியலாளர்கள் ஸ்டெஃபான் ஹலகாட் தலைமையில் 2016இல் வெளியிட்ட ஆய்வு நேராக எடுத்துக்கொண்டது. மாதம் ஒரு லட்சம் ரூபாய் வருமானமுள்ள குடும்பத்துக்கு 20,000 ரூபாய் இழப்பு சேமிப்பில் ஒரு குறைவு. மாதம் 10,000 ரூபாயில் வாழும் குடும்பத்துக்கு அதே இழப்பு பிள்ளையின் படிப்பையோ மருந்தையோ நிறுத்தும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தபோது, இயற்கைப் பேரிடர்களால் உலக மக்களின் நல்வாழ்வுக்கு நேரும் இழப்பு ஆண்டுக்கு 52,000 கோடி டாலர் நுகர்வை இழப்பதற்குச் சமம் என்றும், சொத்திழப்பை மட்டும் எண்ணும் வழக்கமான கணக்கைவிட இது 60 விழுக்காடு அதிகம் என்றும், ஆண்டுதோறும் 2.6 கோடிப் பேர் பேரிடர்களால் வறுமைக்குள் தள்ளப்படுகிறார்கள் என்றும் அவ்வாய்வு கண்டது. சொத்திழப்பை மட்டும் அடிப்படையாகக் கொண்டு தடுப்புச்சுவரோ வடிகாலோ எங்கே கட்டுவது என்று முடிவு செய்தால், விலையுயர்ந்த மனைகள் உள்ள இடத்துக்கே முதலில் பணம் போகும். நல்வாழ்வு இழப்பை அடிப்படையாகக் கொண்டால் ஆற்றோரக் குடியிருப்பு முன்வரிசைக்கு வரும். எந்தக் கணக்கைக் கையாள்வது என்பது கணிதச் சிக்கல் போலத் தோன்றினாலும், உண்மையில் அது நீதி பற்றிய முடிவு.

நிவாரணத் தொகை இந்த இழப்பின் எந்தப் பங்கை ஈடுசெய்தது என்று பார்க்கலாம். 2015இல் குடிசை சேதமடைந்த குடும்பங்களுக்கு 10,000 ரூபாயும், நீர் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாயும், அவற்றோடு அரிசியும் வேட்டி சேலையும் அறிவிக்கப்பட்டன; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாக ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் விலைவாசி ஏறிய அளவுக்கு இத்தொகை ஏறவில்லை. ரொக்கமாக விரைந்து கொடுத்தது நல்ல முறையே. வங்கிக் கணக்கு வழியாகச் சுற்றி வரும் பணத்தைவிட அது கைக்கு முன்னால் வருகிறது. எனினும் ரேஷன் அட்டையைச் சார்ந்த எந்த உதவியிலும், ஓர் அறையைப் பகிர்ந்து வாழும் வெளிமாநிலத் தொழிலாளியும், சொந்த ஊரில் அட்டை வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவரும் பின்வரிசைக்கே தள்ளப்படுகிறார்கள்.

தடுப்புப் பணிகளுக்குப் பணம் இல்லை என்று இன்று சொல்ல முடியாது. கொசஸ்தலையாற்றுப் படுகையின் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் அளித்தது; 2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர் வெ.திருப்புகழ் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளை ஒட்டி நகரெங்கும் மழைநீர் வடிகால்கள் போடப்பட்டன. 2023 டிசம்பரில் சென்னைப் படுகைக்கென 561.29 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. புதிய வடிகாலுக்குக் கடனும் மானியமும் கிடைக்கின்றன. போட்ட வடிகாலில் ஆண்டுதோறும் தூர் வாருவதற்கு மாநகராட்சியின் சொந்த வருவாயைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்புகள் கள்ளத்தனமாகச் சேர்க்கப்பட்டு, செப்டம்பரில் வாரிய வண்டல் நவம்பருக்குள் மறுபடி படிந்துவிடும் நிலையில், பராமரிப்புக்கு ஒதுக்காத கட்டுமானச் செலவு தன் பயனை விரைவில் இழக்கிறது.

செலவில் குறைந்ததும் பயனில் மிகுந்ததும் முன்னெச்சரிக்கை. புயலோ வெப்ப அலையோ வருவதை 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தால் சேதம் 30 விழுக்காடு குறையும் என்று தகவமைப்புக்கான உலக ஆணையம் 2019இல் கூறியது. ஆற்றோரத்துத் தெரு ஒன்றில் அந்த விழுக்காட்டின் பொருள் எளிது: பகல் வெளிச்சத்தில் ஒரு நாள் கிடைத்திருந்தால் ஆட்டோவை மேட்டுக்கு ஓட்டியிருக்கலாம், தையல் இயந்திரத்தை மாடி வீட்டில் கொடுத்து வைத்திருக்கலாம், ஆவணங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பில் செருகியிருக்கலாம், முதியவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். 2015 டிசம்பர் 1 இரவில் கரையோர மக்களில் பலருக்குக் கிடைத்த எச்சரிக்கை, வாசற்படியைத் தாண்டி வந்த நீர்தான். எத்தனை மணிக்கு எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்ற செய்தி, இந்தத் தெருவில் இத்தனை மணிக்கு இத்தனை அடி நீர் நிற்கும் என்று மாற்றிச் சொல்லப்பட்டால்தான் அதனால் மக்களுக்குப் பயன் உண்டு. 2015க்குப் பிறகு சென்னைக்கென உருவாக்கப்பட்ட வெள்ள முன்கணிப்பு முறைகள் அந்த இலக்கை நோக்கியவை என்பதால், அவற்றின் கடைசிக் கண்ணியாகிய தெரு ஒலிபெருக்கிக்கும் கைப்பேசிச் செய்திக்கும் கணினி மாதிரிக்குத் தரும் அதே கவனம் தேவைப்படுகிறது.

எல்லாவற்றிலும் பெரியதும், எந்தக் கணக்கிலும் இழப்பாக எழுதப்படாததுமான செலவு 2015க்குப் பிறகு வந்தது. அடையாற்றைச் சீரமைக்கும் திட்டத்துக்காகச் சைதாப்பேட்டை உள்ளிட்ட கரையோரக் குடியிருப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் கண்ணகி நகர்ப் பக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பதற்கே இந்த மாற்றம் என்பது அரசு கூறிய காரணம். ஆற்றுப்படுகைக்குள் வாழ்வது ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. திட்ட அறிக்கையில் இது பாதுகாப்புச் செலவு என்ற தலைப்பின் கீழ் வருகிறது. மைலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவந்த பெண்ணுக்கு அந்த இடமாற்றத்தின் பொருள், காலையில் இரண்டு வீடுகளை விட்டுவிட வேண்டியிருப்பதும், மீதி இரண்டுக்குச் செல்லப் பல கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டியிருப்பதும், கல்வியாண்டின் நடுவே பிள்ளையின் பள்ளி மாறுவதும், அண்டை அயலிடம் இருந்த கைமாற்றும் சீட்டும் அறுந்துபோவதும்தான். ஆற்றுக்குள் நீண்ட ஓடுபாதையும், கரையை ஒட்டி அனுமதி பெற்று எழுந்த பெருங்கட்டடங்களும் அப்படியே நிற்க, குடிசைகள் மட்டும் ஆக்கிரமிப்பாக எண்ணப்பட்டன. மேலும் பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதி. 2023 டிசம்பரில் அங்கும் தெருக்களில் வெள்ளம் நின்றது. அடையாற்றங்கரையில் ஒரு முறை வீட்டுப் பொருள்களையும், பிறகு வீட்டையும், அதன்பின் வேலையையும் இழந்த குடும்பத்தை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்களின் பட்டியலில் வைத்திருக்கிறது அரசுக் கணக்கு.

இதைவிட நேர்மையான கணக்கை எழுத இயலும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சான்று. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு ஐக்கிய நாடுகள் அமைப்போடு சேர்ந்து நடத்திய பேரிடருக்குப் பிந்தைய தேவை மதிப்பீட்டில், அழிந்த சொத்தின் மதிப்பாகிய சேதமும், அதனால் நின்ற வருமானமும் கூடிய செலவுமாகிய இழப்பும் தனித்தனியே எண்ணப்பட்டன. சேதம் ஏறத்தாழ 10,500 கோடி ரூபாயாகவும், இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேலாகவும் வந்தது. உடைந்ததைவிட நின்றுபோனதே பெரிது என்பதை அந்த எண்கள் காட்டின. அம்முறையைச் சென்னையில் வட்டம் வட்டமாக, சைதாப்பேட்டையிலிருந்தே தொடங்கிச் செய்யலாம். கணக்கெடுப்புப் படிவத்தில் இடிந்த சுவருக்கும் மூழ்கிய எந்திரத்துக்கும் உள்ள கட்டங்களோடு, வேலையற்றுப்போன நாள்கள், வாங்கிய கடன், அதன் வட்டி, மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன நகை, பள்ளிக்குச் செல்லாத நாள்கள் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம் வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்ப அலுவலர்கள் ஆற்றங்கரைக்கு மட்டும் செல்வது போதாது. பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கும் சென்று, அங்கிருந்து ஒவ்வொரு நாளும் பழைய வேலைக்கு வந்துபோக ஆகும் பேருந்துச் செலவையும் கேட்டு எழுத வேண்டும்.